மாட்டுக்கொட்டாய் கேள்வி-பதில்: சைலேஜை மூடுவது எப்படி?

(சைலேஜ் என்கிற ஊறுகாய்ப் புல்லை மூடிப் பாதுகாப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஒடுகத்தூர் பக்கம் கறவை மாடு வளர்க்கும் நம் வாசகி ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, பிப்ரவரி கடைசியில் எங்கள் களத்துமேட்டில் 8 டன் மக்காச்சோளத்தை நறுக்கிச் சைலேஜ் போட்டோம். நீளம் 5 மீட்டர், அகலம் 3 மீட்டர், இடுப்பளவு உயரம். நீலத் தார்ப்பாயைப் போர்த்தி ஓரத்தில் கல் வைத்தோம். ஏப்ரல் நடுவில் பிரித்தால் மேலே ஒரு சாண் ஆழத்துக்குக் கறுத்துக் கொழகொழவென்று அழுகிக் கிடக்கிறது. இடையில் ஒரு சொட்டு மழை இல்லை. தண்ணீர் எப்படி உள்ளே போனது?
- வாசகர், கே.வி.குப்பம்

பதில்: தம்பி, உள்ளே போனது காற்று. அந்த ஈரம் குவியலுக்குள்ளிருந்தே வந்தது.

நாமெல்லாம் வைக்கோல் போர் போட்டுப் பழகியவர்கள். வைக்கோல் காய்ந்த பொருள். மழை இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், காற்று நடமாடினால் அதற்கு நல்லது. அதே பழக்கத்தில்தான் சைலேஜையும் மழைக்குப் பயந்து மூடுகிறோம். சைலேஜுக்கு முதல் எதிரி காற்று. மழை அதற்கு அடுத்ததுதான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் எந்த ஷீட் வாங்குவது, எங்கே பாரம் வைப்பது, எப்போது மூடுவது எல்லாம் தானாகவே புரிந்துவிடும்.

நறுக்கிய மக்காச்சோளத்தைக் காற்றில்லாமல் அடைத்தால், அதிலிருக்கும் சர்க்கரையை லாக்டிக் அமிலப் பாக்டீரியா புளிப்பாக மாற்றுகிறது. தயிர் உறைவதும் இதே வகைப் பாக்டீரியாவால்தான். புளிப்பு ஏறி, அமிலத்தை அளக்கிற pH அளவு 4 பக்கம் இறங்கிவிட்டால் கெடுக்கிற கிருமி எதுவும் தலைதூக்காது. காற்று நுழைகிற இடத்தில் கதை வேறு. அங்கே முதலில் ஈஸ்ட் கிளம்பி அந்தப் புளிப்பையே தின்கிறது. தின்னத் தின்னச் சூடு வரும். புளிப்பு குறைந்ததும் பூஞ்சணமும் அழுகல் கிருமியும் வந்து சேரும். அந்தச் சூட்டில் கிளம்பும் ஆவி ஷீட்டின் அடிப்பக்கம் வேர்த்து, மறுபடி சைலேஜ் மேலேயே சொட்டும். மழை பெய்யாமலே நீங்கள் பார்த்த ஈரம் இதுதான். உங்கள் குவியலின் மேல்பரப்பு 15 சதுர மீட்டர். அதில் ஒரு சாண் ஆழம் என்றால் 8 டன்னில் கிட்டத்தட்ட ஒன்றரை டன் போய்விட்டது. ஏர் ஓட்டி, தண்ணீர் பாய்ச்சி, அறுத்து, நறுக்கியதெல்லாம் எருக்குழிக்குப் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

இனி அந்த நீலத் தார்ப்பாய். அது பிளாஸ்டிக் நூலில் நெய்த துணி, அதன்மேல் மெல்லிய பூச்சு. மடித்த இடத்தில் பூச்சு விட்டுப்போகும். தையலிலும் கயிறு கோக்கும் கண்ணிலும் ஓட்டை இருக்கும். நெல் மூட்டைக்கு அது போதும், சைலேஜுக்குப் போதாது. லாரிப் படுதாவும் அப்படித்தான். நமக்கு வேண்டியது நெய்யாத, ஒரே பரப்பாக இருக்கிற பாலித்தீன் ஷீட். கடையில் கேஜ் கணக்கில் சொல்வார்கள். 100 கேஜ் என்றால் 25 மைக்ரான். 500 கேஜுக்குக் கீழே வாங்காதீர்கள், 800 கிடைத்தால் இன்னும் நல்லது. வெயில் தாங்குவதற்கு யு.வி. மருந்து சேர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். சேர்க்காத ஷீட் நம் ஊர்க் கத்திரி வெயிலில் நொறுங்கிவிடும்.

ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பாக வருகிற ஷீட்தான் வேலூருக்கு ஏற்றது. வெள்ளை வெளிப்பக்கம், கறுப்பு உள்பக்கம். பாலித்தீன் என்னதான் தடிமனாக இருந்தாலும் அதன் வழியாகக் காற்று துளித்துளியாக நுழையத்தான் செய்யும்; ஷீட் சூடாகச் சூடாக அது கூடும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் கறுப்பை வெளியே காட்டி விரிப்பது, நாமே அடுப்பு மூட்டுவதுதான். கறுப்பு ஷீட் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அதன்மேல் நிழல்வலை கட்டுங்கள், அல்லது தென்னங்கீற்று பரப்புங்கள்.

ஷீட்டைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்கிறேன். ஓரத்தில் கல் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நடுவில் என்ன வைத்தீர்கள்? பாரம் இல்லாத இடத்தில் ஷீட்டுக்கும் சைலேஜுக்கும் நடுவே காற்று நிற்கும், ஷீட் படபடக்கும்போதெல்லாம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மேல்பரப்பு முழுக்கப் பாரம் வேண்டும். சுற்றிலும் ஒரு அடி ஆழத்துக்குக் கால்வாய் பறித்து, ஷீட்டின் ஓரத்தை அதில் இறக்கி மண் போட்டு மிதித்துவிடுங்கள். அதற்காக ஒவ்வொரு பக்கமும் ஷீட் ஒரு மீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு ஷீட் சேர்த்தால் ஒன்றன்மேல் ஒன்று ஒரு மீட்டர் ஏறியிருக்கட்டும்.

குவியலின் தோள்பட்டை, அதாவது மேலிருந்து பக்கவாட்டுக்கு இறங்குகிற வளைவு, அங்கேதான் மிதிப்பு சரியாக விழாது. டிராக்டர் ஓட்டினாலும் அந்த ஓரம் தப்பிவிடும். ஆள் இறங்கி மிதிக்க வேண்டும். அரை அடிக்கு ஒரு அடுக்கு போட்டு, அந்த அடுக்கை மிதித்த பிறகு அடுத்தது. போட்டு முடித்த அன்றே மூட வேண்டும். "பொழுது போயிடுச்சு, காலையில பாத்துக்கலாம்" என்று விடுகிற அந்த ஒரு ராத்திரியில் குவியல் சூடாகிவிடும்.

கேள்வி: ஹைவே ஓரம் பஞ்சர் கடையில் பழைய டயர் சும்மாவே தருகிறார்கள். சைலேஜ் மேல் அடுக்கலாமா அம்மா?
- வாசகர், பள்ளிகொண்டா

பதில்: அடுக்கலாம். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும்படி நெருக்கமாக அடுக்கினால்தான் பலன். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டால் இடைவெளியில் ஷீட் உப்பும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். தேய்ந்த லாரி டயரில் இரும்புக் கம்பி பிய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு துண்டு உடைந்து தீவனத்தில் விழுந்தால் மாடு மெல்லாமல் விழுங்கிவிடும். அது இரண்டாம் வயிற்றில் தங்கி, குத்திக்கொண்டே முன்னால் போய் இதயத்தைத் தொடும். தீனி எடுக்காமல், முதுகை வளைத்து, முனகிக்கொண்டு நிற்கிற மாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை. கம்பி தெரிகிற டயரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அடுத்தது கொசு. டயருக்குள் தேங்குகிற மழைத்தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். நம் பக்கம் தென்மேற்குப் பருவமும் பெய்யும், ஐப்பசி கார்த்திகையும் பெய்யும். ஒவ்வொரு டயரிலும் அடிப்பக்கம் நாலு ஓட்டை போடச் சொல்லுங்கள். பஞ்சர் கடைக்காரரே போட்டுத் தருவார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் டயரே வேண்டாம், மூட்டைக்குப் போய்விடுங்கள்.

மூட்டையில் சவுடு மண்ணோ சிறு ஜல்லியோ கட்டலாம். பாலாற்று மணலில் கை வைக்காதீர்கள், அந்த ஆறு இழந்தது போதும். காலி சிமெண்ட் பையில் கட்டினால் சில மாத வெயிலிலேயே நைந்து மண் கொட்டிவிடும், அதனால் வருடா வருடம் மாற்ற வேண்டும். ஷீட் மேல் நேராக மண்ணைக் கொட்டுபவர்களும் இருக்கிறார்கள். காற்றடைப்பு என்று பார்த்தால் அது நல்ல முறைதான். ஆனால் திறக்கும்போது மண் சரிந்து தீவனத்தில் கலக்கும். மண்ணோடு வருகிற கிருமி சைலேஜை நாறடித்துவிடும். மண்ணையே போடுவதென்றால் தினமும் திறக்கிற பக்கம் இரண்டு மீட்டருக்காவது மூட்டையாகவே வையுங்கள்.

கேள்வி: மூடிய மூன்றாம் நாள் ஷீட் உப்பிக்கொண்டு நிற்கிறது. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: குத்தாதீர்கள். அது புளிக்கும்போது வருகிற வாயு. பெரும்பகுதி கரியமில வாயு, அது உள்ளே இருப்பது சைலேஜுக்கு நல்லது. சில நாளில் தானாக அடங்கும். அடங்கிய பிறகு குவியல் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அப்போது ஒரு முறை பாரத்தைச் சரிசெய்து, ஓரத்து மண்ணை மறுபடி மிதித்துவிடுங்கள். சில சமயம் மஞ்சள் அல்லது செம்பழுப்பு நிறத்தில், மூக்கைத் துளைக்கிற நெடியோடு புகை கிளம்பும். அது விஷம். முதல் மூன்று வாரம் குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம், பிள்ளைகளையும் நாயையும் பக்கத்தில் விடாதீர்கள்.

கேள்வி: எலி ஒரு பக்கம், மயில் ஒரு பக்கம். ஷீட் சல்லடையாகிவிட்டது. எலி மருந்து வைக்கலாமா?
- வாசகர், பேரணாம்பட்டு

பதில்: தீவனம் இருக்கிற இடத்தில் எலி மருந்து வைக்காதீர்கள் ஐயா. கடையில் கிடைக்கிற கறுப்புப் பொடி மருந்து மாட்டையும் கொல்லும். எலி அதை இழுத்துக்கொண்டு போய் எங்கே போடும் என்று யாருக்கும் தெரியாது. பொறி வையுங்கள்.

எலி ஏன் அங்கே வருகிறது என்று பாருங்கள். குவியலை ஒட்டி வைக்கோல் போர், புதர், உடைந்த ஓடு, விறகு என்று ஏதாவது இருக்கும். பகலில் அதில் ஒளிந்துகொண்டு ராத்திரி ஷீட்டுக்குள் போகும். சுற்றிலும் ஆறடி அகலத்துக்கு ஒரு புல்கூட இல்லாமல் செதுக்கி, முடிந்தால் ஜல்லி பரப்புங்கள். வெட்டவெளியில் ஓட எலி பயப்படும். எலி போனால் விரியன் பாம்பும் அந்தப் பக்கம் வராது. அதிகாலை இருட்டில் தீவனம் எடுக்கப் போகிற பெண்களுக்கு இது சாதாரண விஷயமில்லை.

மயிலைத் துன்புறுத்தக் கூடாது. சட்டமும் விடாது, மனசும் விடாது. ஷீட் மேல் நிழல்வலையை இழுத்துக் கட்டினால் நகம் நேராகப் படாது. வெயிலும் குறையும். ஆடு ஏறுவதைத் தடுக்கச் சுற்றிலும் முள் வேலி போடுங்கள். பல இடங்களில் மயிலைவிட ஆட்டுக் குளம்புதான் அதிகம் கிழிக்கிறது.

வாரம் ஒரு முறை குவியலைச் சுற்றி நடந்து ஓட்டை தேடுங்கள். கண்ட அன்றே ஒட்டுங்கள். ஒரு விரல் நுழைகிற ஓட்டைக்குக் கீழே ஒரு கூடை அளவுக்கு அழுகியிருக்கும். ஒட்டுகிற இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, வெயில் தாங்குகிற ஷீட் டேப்பை ஒட்டுங்கள். அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிற பழுப்பு டேப் ஒரு வெயிலில் உரிந்துவிடும்.

கேள்வி: மேலே உப்பு தூவினால் ஷீட் இல்லாமலே சமாளிக்கலாம் என்கிறார்கள். உண்மையா?
- வாசகி, ஊசூர்

பதில்: முடியாதும்மா. உப்பு, ஷீட் போட்ட பிறகும் மேல்பரப்பில் நடக்கிற கெடுதலைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் கழனி ஓரம் 5 அடி ஆழத்துக்குச் சைலேஜ் குழி வெட்டியிருக்கிறோம். ஐப்பசி மழையில் அடியில் தண்ணீர் ஊறுகிறது. அடியிலும் ஷீட் போட்டால் நிற்குமா?
- வாசகர், செய்யாறு

பதில்: நிற்காது. ஊற்றுத் தண்ணீர் ஷீட்டையே தூக்கிவிடும். நெல் விளைகிற கழனியில் குழி வேண்டாம். அந்தக் குழியை எருக்குழியாக்கிவிட்டு, மேட்டில், தண்ணீர் வடிகிற இடத்தில் தரைக்கு மேலே குவியலாகப் போடுங்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருகி வந்தபோது மேடு எது, பள்ளம் எது என்று ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. உங்கள் பக்கமும் அப்படி ஒரு மழை ஞாபகம் இருக்கும். அன்றைக்குத் தண்ணீர் நிற்காத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குவியலிலிருந்து புளிப்புத் தண்ணீர் கசிந்தால் கிணற்றுப் பக்கம் ஓடாமல் பாருங்கள். அது அதிகமாகக் கசிந்தால் பயிரைப் பச்சையாகவே அறுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மக்காச்சோளமாக இருந்தால் மணியில் பால் வற்றி மாவாகத் திரளும்போது அறுங்கள். நேப்பியர் புல் என்றால் அறுத்து அரை நாளாவது வாடவிட்டு நறுக்குங்கள்.

கேள்வி: பொய்கைச் சந்தையில் இரண்டு மாடு வாங்கியிருக்கிறேன். நானும் குழி போடலாமா அக்கா?
- வாசகி, கணியம்பாடி

பதில்: குழி வேண்டாம் தங்கச்சி. கணக்கைச் சொல்கிறேன். நம் ஊர்ச் சூட்டில், திறந்த சைலேஜ் முகப்பிலிருந்து, அதாவது தீவனம் வெட்டி எடுக்கிற பக்கத்திலிருந்து, தினமும் அரை அடி ஆழமாவது எடுத்துக்கொண்டே போக வேண்டும். அதற்குக் குறைந்தால், காற்றுபட்ட இடம் நீங்கள் எடுப்பதற்குள் சூடாகிவிடும். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 15 கிலோ என்றால் இரண்டுக்கும் 30 கிலோ. நன்றாக மிதித்த சைலேஜ் ஒரு கன மீட்டருக்கு 550 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் குழியின் முகப்பு இரண்டடிக்கு இரண்டடிதான் இருக்கலாம். அப்படி யார் குழி வெட்டுவார்கள்?

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் வாங்குங்கள். ஒன்றில் நன்றாக அமுக்கினால் 110 கிலோ போல நிற்கும். உங்களுக்கு மூன்றரை நாளில் தீர்ந்துவிடும். வாய்க்கு ஷீட் கட்டி, மேலே மூடி போட்டு, வளையத்தை இறுக்கிவிட்டால் எலியும் மயிலும் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே பாலித்தீன் பை வைத்த 50 கிலோ மூட்டையும் நல்லது. ஆனால் பையை எலி கடிக்கும். பரண் மேலோ, சிமெண்டுத் தரையில் கட்டை போட்டோ வையுங்கள்.

டிரம் வாங்கும் இடத்தில் ஜாக்கிரதை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பழைய டிரம் மலிவாகக் கிடைக்கும். தோல் பதனிடும் ரசாயனம் வந்த டிரம்மாக இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் தீவனத்துக்கு ஆகாது. உணவுப் பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: 10 மாடு இருக்கிறது. 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் சைலேஜ் போட்டோம். திறந்த ஒரு வாரத்தில் முகப்பு சூடாகிறது, வெள்ளைப் பூஞ்சணம் தெரிகிறது. கெட்டதை நல்லதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போட்டுத் தீர்த்துவிடலாமா?
- வாசகர், வாலாஜா

பதில்: கலக்காதீர்கள். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பூஞ்சணம் பிடித்த தீவனத்தில் அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. மாட்டின் வயிற்றில் போனது பாலில் இறங்கும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு கிலோ பாலில் அது 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அவ்வளவு சிறிய அளவுக்கே எல்லை போட்டிருக்கிறார்கள் என்றால் பாருங்கள். அந்தப் பாலை யாரோ ஒரு குழந்தைக்கு ஊற்றுகிறார்கள். புளிப்பு போன சைலேஜில் லிஸ்டீரியா என்கிற கிருமியும் வளரும். சினை மாடு கன்று வீசும். ஆடு, மாடு கழுத்தைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். கெட்டதை எருக்குழியில் போடுங்கள். அதைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு நல்லது மாதிரி தெரிகிற பகுதியையும் சேர்த்துத் தள்ளுங்கள்.

காரணம் உங்கள் அகலம். 10 மாட்டுக்கு நாளைக்கு 150 கிலோ. உங்கள் முகப்பு 6 சதுர மீட்டர். தினமும் இரண்டு அங்குலம்கூட முன்னேறவில்லை. அடுத்த முறை ஒன்றரை மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம், 9 மீட்டர் நீளம் போடுங்கள். அரை அடி வீதம் எடுத்தால் சரியாக 60 நாள் வரும்.

இப்போது இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். பக்கத்து மாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் விற்றுவிட்டு வேகமாகக் காலி செய்வது முதல் வழி. இல்லையென்றால் சூடேறாத பகுதியை ஒரே நாளில் பைகளில் அமுக்கிக் கட்டிவிடுங்கள். கொஞ்சம் சேதாரம் இருக்கும், ஆனால் மிச்சம் தங்கும். முகப்பைக் குடையாமல், மேலிருந்து கீழாக நேராகச் சீவி எடுங்கள். உதிர்ந்ததை அன்றே போட்டுவிடுங்கள். அன்றைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் ஷீட்டை மடித்து, மடித்த விளிம்பில்தான் மிகக் கனமான மூட்டைகளை வரிசையாக வைக்க வேண்டும். அந்த விளிம்பு தளர்ந்திருந்தால் காற்று ஷீட்டுக்கு அடியில் மீட்டர் கணக்கில் உள்ளே போய்விடும். முகப்பின் மேல் ஷீட்டைத் தொங்கவிட்டு மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் கூடும். மழை வந்தால் மட்டும் இறக்குங்கள். வெயிலுக்கு ஒரு கீற்றுத் தட்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.

தினமும் முகப்பில் அரை அடி உள்ளே கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் அன்றே வேகத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: பழைய ஷீட்டை என்ன செய்வது?
- வாசகர், ஆரணி

பதில்: கொல்லையில் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை நல்லதில்லை. கிழிந்த துண்டை வரப்பில் விடவும் கூடாது, மாடு தின்றுவிடும். ஓட்டை இல்லாத பகுதியைக் கழுவிக் காயவைத்துச் சுருட்டி, அடுத்த குவியலுக்குப் புது ஷீட் மேல் இரண்டாவது போர்வையாகப் போடலாம். மீதியைச் சுத்தமாக மடித்துப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கொடுங்கள். மண் ஒட்டியிருந்தால் வாங்க மாட்டார்கள், முதலில் தண்ணீர் பாய்ச்சி அலசிவிடுங்கள்.